ஹாலை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்

உடம்பை அசைத்தே வீடியோ கேம் ஆட வைக்கிற கினெக்ட் என்ற கருவி அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 2010 நவம்பர் 4ஆம் தேதி. இங்கே மறுநாள் தீபாவளி. என் டீமில் இருந்த நண்பன் ஒருவன் அப்போது ஆன்சைட் வேலையாகக் கலிஃபோர்னியாவில் இருந்தான், டிசம்பரில் திரும்புகிறான். ஸ்கைப்பில் வந்து, "மச்சி, பெட்டியில இடம் இருக்கு. வீயா, மூவா, கினெக்ட்டா? வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லு, இல்லன்னா வெறும் சாக்லேட்டோட வந்துருவேன்" என்றான்.

அந்த வருடம் அப்படி. கையையும் காலையும் ஆட்டி வீடியோ கேம் ஆட, மூன்று பெரிய நிறுவனங்களும் மூன்று வெவ்வேறு வழிகளைக் கடையில் வைத்திருந்தன. நின்டெண்டோவின் வீ 2006லேயே வந்துவிட்டது. விலை இறங்கி 200 டாலரில் நின்றது. மைக்ரோசாஃப்டின் கினெக்ட் தனியாக 150 டாலர், அதை மாட்டுகிற விளையாட்டுப் பெட்டியான எக்ஸ்பாக்ஸ் 360இல் சின்னது ஒன்றுடன் சேர்த்து வாங்கினால் 300. சோனியின் பிளேஸ்டேஷன் மூவ் செப்டம்பரில் வந்திருந்தது. அது ஓடுகிற பிளேஸ்டேஷன் 3 (பிஎஸ்3), கேமரா, ஒரு விளையாட்டு எல்லாம் அடங்கிய பெட்டி 400. ஒவ்வொன்றிலும் ஒரு சென்ட் குறையும், அதை விடுங்கள்.

அப்போது எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி, எது ரொம்பத் துல்லியம் என்பது. எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை, இன்றும் படவில்லை. ஒவ்வொரு கருவியும் நம் உடம்பைப் பற்றி ஏதோ ஒன்றை மட்டும்தான் தெரிந்துகொள்கிறது. அதைத் தெரிந்துகொள்ள நம் வீட்டிடம் ஏதோ ஒன்றைக் கேட்கிறது. என்ன தெரிகிறது, என்ன கேட்கிறது என்று பார்த்தால் வாங்குவது சுலபம். மூன்றையும் நான் நன்றாக ஆடியிருக்கிறேன்: ஒன்று பக்கத்து ஃபிளாட்டில், ஒன்று அலுவலகத்தில், ஒன்று சொந்த வீட்டில்.

வீயிலிருந்து ஆரம்பிக்கிறேன். அந்த வெள்ளை ரிமோட்டுக்குள் இருந்தது ஒரு முடுக்கமானி. மூன்று திசைகளிலும் எவ்வளவு வேகமாக வேகம் மாறுகிறது என்பதை மட்டும் உணரும் சின்னச் சில்லு. கண்ணை மூடிக்கொண்டு பஸ்ஸில் நிற்பவருக்கு டிரைவர் பிரேக் போட்டால் தெரியும், வளைத்தால் தெரியும். ஆனால் பஸ் கிண்டியில் நிற்கிறதா தாம்பரத்தில் நிற்கிறதா என்று கேட்டால் சொல்ல முடியாது. வீ ரிமோட்டின் நிலைமை அதுதான். கை அசைந்தது தெரியும், கை எங்கே இருக்கிறது என்பது தெரியாது.

அதனால்தான் வீ ஸ்போர்ட்ஸ் டென்னிஸில் தோளிலிருந்து வீசினாலும் ஒன்று, சோபாவில் சாய்ந்தபடி மணிக்கட்டைச் சுண்டினாலும் ஒன்று. பந்தை நோக்கி ஓடுகிற வேலையை விளையாட்டே பார்த்துக்கொள்ளும், நம் பொறுப்பு எப்போது அடிப்பது என்பது மட்டும். பக்கத்து ஃபிளாட் பையன் இதை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டான். அவன் அப்பா வியர்க்க விறுவிறுக்க ஆடிக்கொண்டிருக்க, அவன் ஒரு கையில் முறுக்கோடு உட்கார்ந்தபடியே அவரைத் தோற்கடிப்பான். "இதெல்லாம் கள்ள ஆட்டம்டா" என்று அவர் கத்துவார். இயந்திரத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே ஆட்டம்தான்.

திரையில் சுட்டிக் காட்டுவதற்கு வேறு வழி வைத்திருந்தார்கள். டிவி மேல் வைக்கிற அந்தப் பட்டையில் இருந்தது இரண்டு முனையிலும் அகச்சிவப்பு எல்இடிக்கள், அவ்வளவுதான். பார்க்கிற கேமரா ரிமோட்டின் மூக்கில் இருந்தது. இரண்டு ஒளிப்புள்ளிகளும் தன் பார்வையில் எங்கே விழுகின்றன என்பதை வைத்து ரிமோட் எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்று கணக்குப் போடும். பட்டையைப் பிடுங்கிவிட்டு அதே இடைவெளியில் இரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றி வைத்தாலும் வேலை செய்யும். நாங்கள் செய்து பார்த்தோம். அந்தப் பையனின் அம்மா வந்து அணைத்துவிட்டு, எங்களைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

இவ்வளவு கொஞ்சமாகத் தெரிந்து வைத்திருந்ததுதான் வீயின் பலம் என்பது என் கட்சி. கொஞ்சம்தான் தெரியும் என்பதால் அது வீட்டிடம் கேட்டதும் கொஞ்சம்தான். நாலடி இடம், இரண்டு பென்சில் பேட்டரி, கையில் மாட்ட ஒரு கயிறு. அந்தக் கயிற்றுக்கும் ஒரு கதை உண்டு. வந்த புதிதில் ஆட்டத்தின் வேகத்தில் கை நழுவி ரிமோட் பறக்க, 2006 டிசம்பரிலேயே 32 லட்சம் கயிறுகளைத் தடிமனாக்கி மாற்றித் தருவதாக நின்டெண்டோ அறிவித்தது. மறுவருடம் ரிமோட்டுக்குச் சிலிக்கான் சட்டையும் இலவசமாகக் கொடுத்தார்கள்.

2009இல் வந்த மோஷன்பிளஸ் அந்தக் குறையில் பாதியை அடைத்தது. ரிமோட்டின் அடியில் செருகுகிற ஒரு கட்டை, உள்ளே கைராஸ்கோப். இப்போது திருப்பம், சாய்வு எல்லாம் தெரிந்தது. வாளைச் சாய்த்துப் பிடித்தால் திரையிலும் வாள் சாய்ந்தது. ஆனால் கைராஸ்கோப் கணக்கில் சின்னப் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். கொஞ்ச நேரத்தில் வாள் நாம் நினைக்காத பக்கம் பார்க்கும். ரிமோட்டை மேசை மேல் கவிழ்த்து வை என்று விளையாட்டு கேட்கும், வைத்தால் சரியாகும்.

மூவ் இதே ரிமோட் யோசனைதான், ஆனால் இன்னொரு முனையிலிருந்து வந்தது. சோனியில் ரிச்சர்ட் மார்க்ஸ் என்பவர் பல வருடங்களாகவே கேமராவை வைத்து விளையாடுவது எப்படி என்று பார்த்துக்கொண்டிருந்தார். 2003இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்த ஐடாய் என்ற கேமரா அவர் கைவேலை. கேமராவில் இருந்த சிக்கல், எதிரே நிற்கிறவரின் கை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது தெரியாது. மூவின் தலையில் வைத்த அந்தப் பிங்பாங் பந்து அதற்கான விடை. முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது, ஐஸ்கிரீம் விற்கிற சாமானோ என்று. ஆனால் யோசித்துப் பாருங்கள். எந்தப் பக்கம் சாய்த்தாலும் வட்டமாகவே தெரிகிற வடிவம் பந்து ஒன்றுதான். பந்தின் நிஜ அளவு தெரியும். படத்தில் வட்டம் பெரிதானால் கை முன்னால் வந்திருக்கிறது, சிறுத்தால் பின்னால் போயிருக்கிறது. கேமராவுக்குப் பிடிபடாத சாய்வையும் சுழற்சியையும் உள்ளே இருக்கிற கைராஸ்கோப்பும் முடுக்கமானியும் சொல்லிவிடும். அந்தக் கணக்கு விலகிப் போகாமல் இருக்க, திசைகாட்டி மாதிரி ஒரு காந்தமானி வேறு.

உள்ளே விளக்கெரிகிற அந்தப் பந்தின் நிறமும் சும்மா அழகுக்கு இல்லை. அறையில் இருக்கிற நிறங்களோடு குழம்பாத நிறமாகப் பார்த்து அதுவே மாற்றிக்கொள்ளும். எங்கள் ஹாலில் ஒரு சுவர் ரோஸ் பெயின்ட், மனைவியின் தேர்வு. மூவ் ஒருநாளும் எங்கள் வீட்டில் ரோஸாக எரிந்ததில்லை.

சும்மா சொல்லக் கூடாது, ஸ்போர்ட்ஸ் சாம்பியன்ஸில் இருந்த டேபிள் டென்னிஸ் மாதிரி ஒன்றை அதற்கு முன் நான் ஆடியதில்லை. மட்டையைக் கொஞ்சம் மூடிப் பிடித்து மேலே இழுத்தால் டாப் ஸ்பின். ஒரு எட்டு முன்னால் வைத்தால் வலைக்குப் பக்கத்தில் போய்ப் பந்தைத் தட்டலாம். கல்லூரியில் கொஞ்சம் ஆடியவன் என்பதால் எனக்கு அது பிடிபட்ட விதமே வேறு: கை பழைய பழக்கத்தில் ஆடியது, திரை அதை நம்பியது. வில்வித்தைக்கு இரண்டு மூவ் இருந்தால் தோளுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் அம்பை எடுத்து, நாணில் வைத்து இழுக்க வேண்டும். மூன்றில் எது நல்ல பொறியியல் என்று கேட்டால் யோசிக்காமல் மூவ் என்பேன்.

ஆனால் அது கேட்கிறதும் கொஞ்சம் கூடுதல். ஆட்டம் ஆரம்பிக்கும் முன் கேமராவை நோக்கிப் பிடி, தோளருகே பிடி, இடுப்பருகே பிடி என்று உடற்பயிற்சி வகுப்பு நடக்கும். கேமராவுக்கு எதிரே ஜன்னல் இருந்து வெளிச்சம் அடித்தால் திரைச்சீலையை இழுக்கணும். ஆள் மாறினால் மறுபடி தோள், இடுப்பு. விருந்தாளிகள் வந்த வீட்டில் இது பெரிய தொல்லை. மாமா கையில் கொடுத்து, "மாமா, கொஞ்சம் இடுப்புகிட்ட வச்சு அந்தப் பெரிய பட்டனை அமுக்குங்க" என்றால், "எதுக்குப்பா?" என்பார். நியாயமான கேள்வி.

கினெக்ட் எங்கள் அலுவலக ரிக்ரியேஷன் ரூமுக்கு 2011இல் வந்தது. கையில் ஒன்றுமே இல்லை. சென்சார் ஒரு அகச்சிவப்பு லேசரை ஆயிரக்கணக்கான புள்ளிகளாகச் சிதறடித்து அறை முழுக்கத் தூவும். நம் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் இருக்கிற கேமரா அந்தப் புள்ளிகள் எவ்வளவு இடம் பெயர்ந்து விழுகின்றன என்று பார்த்து, ஒவ்வொரு இடமும் எத்தனை தூரம் என்று கண்டுபிடிக்கும். இந்த நுட்பம் இஸ்ரேலின் பிரைம்சென்ஸ் நிறுவனத்துடையது. தூரம் தெரிந்தால் மட்டும் போதாதே, அந்தத் தூரப்படத்தில் எது கை, எது தலை? கேம்பிரிட்ஜில் இருக்கிற மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக்கூடத்தார் அதைச் செய்தார்கள். ஏராளமான படங்களைக் காட்டிக் கணினியைப் பழக்கி, படத்தின் ஒவ்வொரு புள்ளியும் உடம்பின் 31 பகுதிகளில் எதைச் சேர்ந்தது என்று சொல்ல வைத்தார்கள். அதிலிருந்து மூட்டுகளின் இடம் கிடைத்துவிடும். இன்று செயற்கை நுண்ணறிவு என்று ஊரெல்லாம் பேசுகிறார்கள். அது எங்கள் ஆபீஸில் அன்றே மேனேஜரைக் குதிக்க வைத்தது.

நிஜமாகவே குதிக்க வைத்தது. கினெக்ட் அட்வென்ச்சர்ஸில் படகில் போகிற ஆட்டம் ஒன்று, ஆள் குதித்தால் படகும் குதிக்கும். நடுநடுவே அதுவே போட்டோவும் எடுத்துவிடும். டை கட்டிய மனிதர் இரண்டு காலும் தரையில் இல்லாமல், வாயைப் பிளந்துகொண்டு இருக்கிற அந்தப் படம் எங்கள் குழு மின்னஞ்சலில் வெகுநாள் சுற்றியது.

நடன விளையாட்டுகளுக்குக் கினெக்ட்டுக்கு நிகர் இல்லை. வீயில் நடனம் என்றால் வலது கையைச் சரியாக ஆட்டினால் போதும், இடுப்பு தூங்கலாம். கினெக்ட் முழங்காலையும் பார்த்தது. எந்த உறுப்பு தப்பு செய்கிறதோ அதைச் சிவப்பில் காட்டி மானத்தை வாங்கும் டான்ஸ் சென்ட்ரலில் எங்கள் டெஸ்டிங் டீம் பெண்கள் மதிய இடைவேளையெல்லாம் ஆடினார்கள். சாதாரண கன்ட்ரோலரைத் தொடவே மாட்டேன் என்றவர்கள் அவர்கள்.

அதே ஆட்களை ஒரு மெனுவில் 'ஆம்' என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிப் பாருங்கள். கையை நீட்டி அதன் மேல் வைத்து, ஒரு வட்டம் மெதுவாக நிரம்பும் வரை அசையாமல் காத்திருக்க வேண்டும். பட்டன் இல்லை என்பதை விளம்பரத்தில் பெருமையாகச் சொன்னார்கள். பட்டன் என்பது எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது. வீ பவுலிங்கில் பந்தை விடுவது எப்படி? பின்பக்கப் பட்டனை அழுத்திப் பிடித்தபடி கையை வீசி, சரியான நொடியில் விரலை எடுக்கணும். அந்த ஒரு நொடியில்தான் மொத்த ஆட்டமும் இருக்கிறது. கினெக்ட்டில் கை வீசியதையே வைத்து, இங்கேதான் விட்டிருப்பார் என்று இயந்திரம் ஊகிக்கிறது. அசைவுக்கும் திரைக்கும் நடுவில் ஒரு சின்னத் தாமதம் வேறு.

இடத்தைச் சொல்லவில்லையே. ஒருவர் ஆட சென்சாரிலிருந்து 6 அடி தள்ளி நிற்க வேண்டும், இருவர் என்றால் 8 அடி. நடுவில் டீப்பாய் கூடாது. அமெரிக்கப் புறநகர் வீட்டுக்கு இது ஒரு பொருட்டில்லை. எங்கள் ஃபிளாட் ஹால் டிவி ஸ்டாண்டிலிருந்து சோபா வரை ஏழடிதான். 8 அடி வேண்டுமென்றால் சோபாவைத் தூக்கி பால்கனியில் போடணும். நேர் வெயிலும் ஆகாது, அதில் இருக்கிற அகச்சிவப்பில் லேசர் புள்ளிகள் அமுங்கிப் போகும். ஆபீஸில் ஆயுத பூஜைக்குப் புடவையில் வந்தவர்கள் முன்னால் நின்றபோது திரையில் கால்கள் இரண்டும் ஒட்டிக்கொண்டு தடுமாறின. கொசுவத்துக்குள் முழங்கால் எங்கே என்று எந்தக் கேமராவால் சொல்ல முடியும்?

இத்தனையும் கேட்டும் அது விற்றது. முதல் 60 நாளில் 80 லட்சம். அவ்வளவு வேகமாக விற்ற நுகர்வோர் மின்னணுச் சாதனம் அதுவரை இல்லை என்று கின்னஸ் பதிவு செய்தது.

சரி, நண்பனுக்கு என்ன சொன்னேன்? கடைசியில் முடிவு செய்ததில் கரண்டுக்கும் பங்கு உண்டு. அமெரிக்காவில் வாங்குகிற வீயின் அடாப்டரும் எக்ஸ்பாக்ஸ் 360இன் செங்கல் அளவு பவர் சப்ளையும் அந்த ஊர் 120 வோல்ட்டுக்குச் செய்தவை. இங்கே நேராகச் செருகினால் புகைதான், தனியாக ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பிஎஸ்3க்கு அந்தத் தொல்லை இல்லை. வீ மண்டலப் பூட்டு போட்டது, அமெரிக்கப் பெட்டியில் அமெரிக்க டிஸ்க் மட்டும்தான் ஓடும். எக்ஸ்பாக்ஸில் வெளியிடும் நிறுவனத்தின் இஷ்டம். பிஎஸ்3 டிஸ்க் எந்த ஊரில் வாங்கினாலும் ஓடும், பர்மா பஜாரில் வாங்கினாலும்கூட. மூவ் என்று சொன்னேன். விலை கூடுதல்தான். நண்பன் சாக்லேட்டும் கொண்டு வந்தான்.

அதை வருடக்கணக்கில் ஆடினோம், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் பக்கத்து ஃபிளாட்டில் ஆட்கள் கூடுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடியதெல்லாம் வீதான். நாங்களே எங்கள் 400 டாலர் பெட்டியை அணைத்துவிட்டு அங்கே போவோம். ரிமோட்டைக் கையில் கொடுத்தால் அடுத்த நொடி ஆடலாம் என்பதை வேறு எதுவும் ஈடு செய்யவில்லை. மொத்தம் பத்து கோடிக்கு மேல் வீ விற்றதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

கினெக்ட்டின் பிற்பாதி சோகமானது, அதே நேரம் சுவாரசியமானது. வெளிவந்த ஒரே வாரத்தில் கணினியில் அதை இயக்குகிற திறந்த மென்பொருளை வெளியாட்கள் எழுதிவிட்டார்கள். ரோபோ செய்கிறவர்களும் ஆராய்ச்சி மாணவர்களும் 150 டாலருக்கு ஆழம் பார்க்கிற கண் கிடைக்கிறதே என்று அள்ளிக்கொண்டு போனார்கள். மைக்ரோசாஃப்ட் 2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னை வெளியிட்டபோது கினெக்ட்டைக் கட்டாயமாக உடன் வைத்து 499 டாலருக்கு விற்றது. எதிரே பிஎஸ்4 399. மறுவருடம் ஜூனில் கினெக்ட் இல்லாத பெட்டியை அதே 399க்கு இறக்கினார்கள். 2017இல் தயாரிப்பையே நிறுத்தினார்கள். பிரைம்சென்ஸை 2013இலேயே ஆப்பிள் வாங்கிவிட்டது. 2017இல் வந்த ஐபோன் டென் முகத்தைப் பார்த்துத் திறப்பதும் கண்ணுக்குத் தெரியாத புள்ளிகளைத் தூவித்தான். எட்டடி கேட்ட கருவி ஒரு கை தூரத்தில் பிழைத்துக்கொண்டது. மூவும் சாகவில்லை. 2016இல் பிளேஸ்டேஷன் விஆர் என்ற, தலையில் மாட்டுகிற கருவி வந்தபோது அதே பந்துக் குச்சி பரணிலிருந்து இறங்கிப் புது வேலைக்குப் போனது. சார்ஜ் போடுகிற மினி யூஎஸ்பி கேபிளைத் தேடி எடுப்பதுதான் பெரும் பாடு.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் திருச்சி அக்கா. போன வாரம் போன் செய்து, "டேய், லீவு விட்டதுலேருந்து பசங்க ரெண்டும் சோபாவை விட்டு எழுந்திரிக்க மாட்டேங்குதுங்க. ஆடி ஓடி விளையாடுற கேம் ஏதோ இருக்காமே, எது வாங்கட்டும்?" என்றாள். நான் டேப் எடுத்து ஹாலை அளக்கச் சொன்னேன். "டிவி வாங்கவா அளக்கச் சொல்ற?" என்று திட்டிவிட்டு அளந்தாள். டிவிக்கும் சோபாவுக்கும் நடுவே ஏழரை அடி, டீப்பாய் நகர்த்தினால்.

இன்று கேமரா வழியில் போக நினைப்பவர்களுக்கு நெக்ஸ் பிளேகிரவுண்ட் என்ற சின்னக் கனசதுரப் பெட்டி இருக்கிறது. சாதாரண கேமராவை வைத்தே உடம்பைக் கண்டுபிடித்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு நன்றாக இருக்கும், ஆனால் கூட வருகிற ஒரு சில விளையாட்டுகளைத் தாண்டினால் சந்தா கட்டணும். பழைய கினெக்ட்டை யாராவது மலிவாகத் தருகிறார்கள் என்று வாங்கினால் அடாப்டர் கூட வருகிறதா என்று பாருங்கள், பழைய எக்ஸ்பாக்ஸ் 360 மாடல்களுக்கு அது இல்லாமல் ஓடாது. பட்டன் கையில் இருக்கட்டும் என்பவர்களுக்கு நின்டெண்டோ ஸ்விட்ச். அதன் சின்னக் கன்ட்ரோலரான ஜாய்கானில் கைராஸ்கோப்பும் முடுக்கமானியும் சேர்ந்தே இருக்கின்றன, டிவி மேல் பட்டையோ கேமராவோ வேண்டாம். 2022இல் வந்த ஸ்விட்ச் ஸ்போர்ட்ஸில் அதே பழைய டென்னிஸும் பவுலிங்கும் இருக்கின்றன.

அக்காவுக்கு ஸ்விட்ச்தான் சொன்னேன், கூடவே ரிங் ஃபிட் என்ற, வளையத்தோடு வருகிற உடற்பயிற்சி விளையாட்டு. வளையத்தை அமுக்கினால், இழுத்தால் எவ்வளவு பலம் என்று அதற்குத் தெரியும். இடது தொடையில் கட்டுகிற பட்டையில் இன்னொரு ஜாய்கான், ஓடுவதை அது பார்த்துக்கொள்ளும். ஒரு ஆள் நின்று கை நீட்டும் அளவு இடம் போதும், சோபாவை நகர்த்த வேண்டாம். புது ஸ்விட்ச் 2 வாங்கினால் அதன் ஜாய்கான் வளையத்தில் பொருந்தாது, பழைய ஜாய்கான் ஒரு ஜோடி தனியாக வாங்கணும். ஆகவே பழைய ஸ்விட்ச்சே போதும் என்றேன். அக்கா வீடு இரண்டாம் மாடி, கீழ் வீட்டு மாமி சத்தம் என்றால் உடனே மேலே வந்துவிடுவார். ரிங் ஃபிட்டில் ஓடுவதற்குப் பதில் முழங்காலை மடக்கி எழுந்தால் போதும் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, முதல் நாளே அதைப் போட்டுவிடச் சொல்லியிருக்கிறேன்.